பாண்டியன் சொன்ன 'சரி'

நடுவர் அவர்களே, என்னை ஒரு கை பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டும் பலமாகக் கைதட்ட முடியும் என்று காட்டுகிற ஏற்காட்டுப் பெருமக்களே, வணக்கம்.

அலுவலகக் கணினியில் பணியாளருக்கு வேண்டியது முழு உரிமையா, அளவான உரிமையா? இதுதான் தலைப்பு. தமிழ் வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று எதிரணித் தங்கை கேட்டார். எங்க காலேஜ்ல வருகைப் பதிவே கணினியிலதாம்மா!

தங்கை இன்னொன்றும் கேட்டார். "காபித் தோட்ட ஆபீஸ்ல புது பிரிண்டர் மாட்டணும்னா அட்மின் பாஸ்வேர்டு வேணும். அது சேலத்துல இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆள் வரணும். கூலி நாள்ல சீட்டு அடிக்க முடியலைன்னா யார் பதில் சொல்றது? வருஷக்கணக்கா வேலை பார்க்கிறவங்க மேல நம்பிக்கை இல்லையா?" கைதட்டல் பிரமாதம். நானும் தட்டினேன்.

ஆனால் இது நம்பிக்கை வழக்கே இல்லை, நடுவர் அவர்களே.

சிலப்பதிகாரத்துக்கு வாங்க. பாண்டியன் கெட்டவனா? இல்லை. ஊடல் கொண்ட அரசியைச் சமாதானம் பண்ணப் போகிற அவசரம். வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்கிறான். விசாரிக்காமலே ஆணை பிறக்கிறது. சூழ்ச்சி பொற்கொல்லனுடையது, அதிகாரம் அரசனுடையது. தன் சொந்த அதிகாரத்தில் அவன் கோவலன் மேல் ஒரு விரலை வைத்திருக்க முடியுமா?

கணினியிலும் அதே கதைதான். ஒரு புரோகிராமைத் திறந்தால், திறந்தவருக்கு என்ன உரிமையோ அதுதான் அதற்கும். பில் மாதிரி வேஷம் போட்டு இமெயிலில் ஒன்று வருகிறது. அவசரத்தில் திறக்கிறோம். "அனுமதிக்கலாமா?" என்று திரை கேட்கிறது. பாண்டியன் மாதிரி "சரி" என்று தட்டுகிறோம். நாம் அட்மினாக இருந்தால், வந்தவன் வைரஸ் தடுப்பையே அணைப்பான். அந்தக் கணினியில் எல்லாருடைய கோப்புகளையும் பூட்டுவான். சாதாரணக் கணக்கில் திறந்தாலும் நம் கை எட்டுகிற கோப்புகள் போகலாம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு அறை எரிவதும் ஊரே எரிவதும் ஒன்றா? மதுரைக்காரர்களைக் கேளுங்கள்! (சிரிப்பு)

நம்ம கூடங்குளம் அணுமின் நிலையத்தில், 2019 செப்டம்பரில், ஒரு பணியாளரின் கணினியில் கெடு நிரல் புகுந்தது தெரிய வந்தது. அது இணையத்தோடு சேர்ந்த நிர்வாகப் பகுதிக் கணினி. உலையை இயக்குகிற கட்டமைப்பு தனியாக இருந்தது, அதற்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. நடுவில் கதவு இருந்தது! டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பரில் 5 சர்வர்கள் முடங்கின. ஏழை நோயாளிகள் வரிசையில் நிற்க, சீட்டெல்லாம் கையால் எழுதினார்கள். வலைப்பின்னலைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அது கணினிகளுக்கு நடுவே வைக்க வேண்டிய கதவு. நான் கேட்பது ஒரே கணினிக்குள் வைக்கிற கதவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்போ முதலாளிக்கு மட்டும் முழு உரிமையா?" என்று முணுமுணுப்பு கேட்கிறது. ஐயா, அவருக்கும் வேண்டாம்! கணினியைப் பழுதுபார்க்கிற தம்பிக்கே இரண்டு கணக்கு வேண்டும்: இமெயில் படிக்க ஒன்று, பழுது பார்க்க ஒன்று. சேர்வராயன் மலையில் மிளகு குடோன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு யாராவது சந்தைக்குப் போவார்களா? வீட்டிலும் பிள்ளை விளையாட ஒரு சாதாரணக் கணக்கு போட்டுக்கொடுங்கள். செலவே கிடையாது.

ஒன்றை மட்டும் தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறேன். உரிமையைக் குறைத்தவர்கள், கூப்பிட்டால் உடனே எடுக்க ஆள் வைக்க வேண்டும். சேலத்தில் உட்கார்ந்தபடியே ஏற்காட்டுக் கணினியில் பிரிண்டரைச் சேர்த்துவிடலாம், ஒரு வளைவும் ஏற வேண்டாம். அந்த ஆள் இல்லையென்றால் என்ன நடக்கும்? நாலே நாளில் அட்மின் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் மானிட்டர் மேலேயே ஒட்டியிருக்கும். கூலி நாள் காலையில் போனை எடுக்காத நிர்வாகத்துக்காக வாதாட நான் இந்த மலை ஏறி வரவில்லை, தங்கச்சி. வணக்கம்.