குருதியில் பங்கசு: வளரும்வரை காத்திருக்கலாமா?
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மதுவத்தை நுணுக்குக்காட்டியில் நான் முதன்முதலாகப் பார்த்தது இந்தப் பாடசாலை ஆய்வுகூடத்தில்தான். அப்பமாவைப் பொங்கவைக்கும் அப்பாவிச் சீவன் என்றே எண்ணியிருந்தேன். கன்டிடா என்ற அதன் உறவினம் குருதிக்குள் புகுந்தால் பத்துப்பேரில் மூன்று நான்கு பேரைக் கொண்டுபோகும் என்பதைப் பின்னர்தான் கற்றேன்.

பயிற்சிக் காலத்தில் ஒரு தாய். குடல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல் தணியவில்லை. குருதியை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு நாளாக ஒன்றும் வளரவில்லை. மூன்றாம் நாள் அவர் இறந்தார். நான்காம் நாள், மதுவம் வளர்ந்திருப்பதாக ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அதை மகளிடம் நான்தான் சொன்னேன்.

உடலினுள் பரவிய கன்டிடா தொற்றுகளில் ஏறத்தாழப் பாதியைக் குருதி வளர்ப்பு தவறவிடும். அதனால்தான் வளர்க்காமலே கண்டறியும் பரிசோதனைகள் வந்தன. பங்கசின் கலச்சுவரிலுள்ள பீற்றா-டி-குளுக்கனைக் குருதியில் தேடுவது ஒன்று. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரி2 கன்டிடா இன்னொன்று. ஐந்து இனங்களின் டி.என்.ஏ.யைச் சில மணித்தியாலங்களில் காட்டிவிடும். ஆனால் 2009இல் யப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து விபரிக்கப்பட்ட கன்டிடா ஓரிஸ் அந்த ஐந்தில் இல்லை. மருந்துகளுக்கு எளிதில் மசியாததும் அதுதான்!

குளுக்கன் பரிசோதனையையும் கண்மூடி நம்ப இயலாது. அல்புமின், இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் உயரும். சிலவகை டயலிசிஸ் மென்சவ்வுகளாலும், சத்திரசிகிச்சையில் வைக்கும் கோஸ் துணியாலும்கூட உயரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இவற்றில் ஒன்றாவது இல்லாத நோயாளர் அரிது. ஆகவே 'உண்டு' என்ற விடையைவிட 'இல்லை' என்ற விடையே எனக்கு அதிகம் உதவுகிறது. ஐயம் குறைவானவரில் 'இல்லை' என்று வந்தால், விலைகூடிய மருந்தைத் துணிந்து நிறுத்துவேன். வளர்ப்பைக் கைவிடவும் முடியாது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சொல்வது அதுதான்.

வெளிநாடுகளிலிருக்கும் உங்களிற் சிலர், பெற்றோர் தீவிர சிகிச்சையில் இருக்கையில், நள்ளிரவில் எனக்குத் தொலைபேசி எடுக்கிறீர்கள். "கல்ச்சர் நெகற்றிவ்தானே, இனிப் பயமில்லைத்தானே?" என்று கேட்பீர்கள். அப்போது நான் உங்களிடம் திருப்பிக் கேட்பவை: கழுத்து நாளத்தில் குழாய் போட்டு எத்தனை நாள்? உணவும் நாளத்தினூடாகவா? வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததா? அன்ரிபயோற்றிக் எத்தனை நாளாக ஏறுகிறது? இவற்றைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு அழையுங்கள், எந்நேரமானாலும்.