ஆரல் கடல்: நீர் திரும்பிய கரையும் திரும்பாத கரையும்

(புனே நகரின் விஷ்ராந்த்வாடியில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1960ஆம் ஆண்டு வரை உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கியது ஆரல் கடல். கசாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருந்த அந்த உள்நாட்டுக் கடலில் ஆண்டுக்கு 40,000 டன் அளவுக்கு மீன் பிடிக்கப்பட்டது. அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகளே அதற்கு நீர் வார்த்தன. அந்நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டபின் கடல் வற்றியது. 1987இல் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. பழைய கடற்படுகையின் பெரும்பகுதிக்கு இன்று ஆரல்கும் என்று பெயர். ஆரல் பாலைவனம் என்பது அதன் பொருள்.

இந்த அழிவு ஒரு சோஷலிச அரசின் ஆட்சியில் நிகழ்ந்தது. முதலாளித்துவப் பத்திரிகைகள் அதைச் சலிக்காமல் எழுதி வருகின்றன. இடதுசாரி மேடைகளில் அது அரிதாகவே பேசப்படுகிறது. தண்ணீரை முன்வைத்து மகாராஷ்டிரத்தில் போராடும் ஓர் இயக்கம் ஆரலைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

வரலாறு சற்றுப் பின்னால் தொடங்குகிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து வந்த பருத்தி நின்றது. லங்காஷயர் ஆலைகள் இந்தியாவை நோக்கித் திரும்பின. விதர்பாவின் கரிசல் நிலம் பம்பாய்த் துறைமுகத்துக்குப் பருத்தி அனுப்பும் நிலமாயிற்று. ரஷ்ய ஆலைகளுக்கும் அதே தட்டுப்பாடு. ஜாரின் படை 1865இல் தாஷ்கண்டைக் கைப்பற்றியது. மத்திய ஆசியா ரஷ்ய ஆலைகளின் பருத்திக் காடாக்கப்பட்டது. விதர்பா உழவரும் உஸ்பெக் உழவரும் ஒரே உலகச் சந்தையால் ஒரே காலத்தில் ஒற்றைப் பயிருக்குள் தள்ளப்பட்டவர்கள்.

அக்டோபர் புரட்சி மத்திய ஆசியாவுக்கு நிலச் சீர்திருத்தமும் பள்ளியும் மருத்துவமனையும் பெண்களின் சட்ட உரிமையும் கொண்டு வந்தது. அதை மறுப்பவர்கள் வரலாற்றை மறுப்பவர்கள். ஆனால் ஜார் விட்டுச்சென்ற பருத்தி ஒற்றைப் பயிரை அது மாற்றவில்லை, பெருக்கியது. 1954இல் தொடங்கிய காரகும் கால்வாய் அமு தரியாவின் நீரைப் பாலைவனத்தின் குறுக்கே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுசென்றது. கரைக்கும் தரைக்கும் பூச்சு இல்லாத கால்வாய் அது. வழியிலேயே பெரும் பங்கு நீர் மணலுக்குள் இறங்கியது. ஆரல் வடிநிலத்தின் பாசனப் பரப்பு 45 லட்சம் ஹெக்டேரிலிருந்து முப்பது ஆண்டுகளில் 70 லட்சம் ஹெக்டேருக்கு மேல் உயர்ந்தது. கடல் சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். கடலின் மீனைவிடப் பருத்தியின் மதிப்பு அதிகம் என்ற கணக்கு வெளிப்படையாகவே போடப்பட்டது.

அந்தக் கணக்கில் எது விடுபட்டது? டன் கணக்கில் பருத்தி கேட்டது திட்டம். ஒரு டன் பருத்திக்கு எவ்வளவு தண்ணீர் செலவானது என்று அது கேட்கவில்லை. முய்னாக் துறைமுகத்து மீனவருக்கோ, ஆறு முடியும் இடத்தில் வாழ்ந்த காரகல்பாக் உழவருக்கோ திட்டக்குழுவில் குரல் இல்லை. இலக்கே எல்லாம் என்றான இடத்தில் பொய்க் கணக்கும் வளர்ந்தது: விளையாத பருத்தியை விளைந்ததாகக் காட்டிய உஸ்பெக் பருத்தி ஊழல் 1980களில் வெளிவந்தது. இயற்கை மீதான ஒவ்வொரு வெற்றிக்கும் பின்விளைவு உண்டு என்று ஏங்கல்ஸ் எழுதியதை எல்லோரும் படித்திருந்த நாட்டில்தான் இது நடந்தது.

கடல் விலகியபின் ஆரல்ஸ்க் நகரின் மீன் ஆலையை மூடாமல் வைத்திருக்க, தொலைதூரப் பெருங்கடல்களில் பிடித்த மீன் ரயிலில் கொண்டுவரப்பட்டது. தொழிலாளியின் வேலையைக் காக்க நினைத்த அரசு அது. அந்த நல்லெண்ணமும் ஆற்றைத் திரும்பவிடும் முடிவாக மாறவில்லை.

திட்டமிடலே குற்றவாளி என்று இதிலிருந்து முடிவு கட்டுவோருக்கு 1991க்குப் பிந்தைய நிலவரம் பதில் சொல்கிறது. திட்டக்குழு போயிற்று, சந்தை வந்தது, கடல் வரவில்லை. சுதந்திர உஸ்பெகிஸ்தான் அந்நியச் செலாவணிக்காகப் பருத்தியைக் கைவிடவில்லை. அறுவடைக் காலத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் செவிலியரும் வயலுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டனர். அந்த அமைப்பு ரீதியான கட்டாய உழைப்பு ஒழிந்ததாக உலகத் தொழிலாளர் அமைப்பு அறிவித்தது 2022இல்தான். வற்றிய தென் ஆரல் படுகையில் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் துளையிடத் தொடங்கின.

வடக்கில் நடந்தது வேறு. சிர் தரியாவின் நீர் தெற்கே வழிந்து வீணாகாமல் தடுக்க, 1990களில் உள்ளூர் மக்களும் நிர்வாகமும் மணலால் ஓர் அணை எழுப்பினர். அது உடைந்தது, மீண்டும் எழுப்பினர், 1999இல் புயலில் முற்றிலும் சிதைந்தது. ஆயினும் அது நின்றிருந்த சில ஆண்டுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை எல்லோரும் கண்டனர். பின்னர் கசாக் அரசு, உலக வங்கிக் கடனுடன், சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள கோகரால் அணையை 2005இல் கட்டி முடித்தது. கூடவே சிர் தரியாவின் மதகுகளும் பழுதுபார்க்கப்பட்டன. இந்த இரண்டாவது வேலை அதிகம் பேசப்படுவதில்லை. ஆறு கடல் வரை வந்து சேர்வதற்கு அதுவே வழி செய்தது. பல ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டிருந்த உயர்வு சில மாதங்களிலேயே கிடைத்தது. நீர்மட்டம் 38 மீட்டரிலிருந்து 42 மீட்டரை எட்டியது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் ஆற்றிலிருந்து திரும்பின. உப்பைத் தாங்கும் தட்டை மீனைத் தவிர வேறெதுவும் கிடைக்காதிருந்த மீனவர்கள், பத்தாண்டு கழித்து ஆண்டுக்குச் சில ஆயிரம் டன் பிடித்தனர். ஆரல்ஸ்கிலிருந்து 100 கிலோமீட்டர் விலகிய நீர் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவுக்கு நெருங்கி வந்தது.

இதை உலக வங்கியின் சாதனையாகப் பாடுவோர் இரண்டைச் சொல்வதில்லை. முதல் அணையை எழுப்பியது அந்த ஊர். இரண்டாவது, வடக்கைக் காத்த அணை தெற்கைக் கைவிட்ட அணையும்கூட. மீன்பிடிப் பரப்பும் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விடப்படுகிறது. கடல் திரும்பினாலும் அதில் யாருக்கு உரிமை என்ற கேள்வி தீரவில்லை.

தெற்கில் இன்று நடப்பது கடல் மீட்பு அன்று, கடற்படுகையோடு வாழப் பழகுதல். பூச்சிக்கொல்லி எச்சம் கலந்த உப்புத் தூசியை அடக்க, 2018 குளிர்காலம் முதல் 10 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் சாக்சால் முதலான பாலைநிலச் செடிகள் நடப்பட்டதாக உஸ்பெக் அரசு கூறுகிறது. ஆழ வேரோடி மணலைப் பிடித்துக்கொள்ளும் மரம் சாக்சால். 2021 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை ஆரல் பகுதியைச் சூழலியல் புத்தாக்க மண்டலமாக அறிவித்தது. நல்லதே. ஆனால் அமு தரியாவின் நீர்ப் பங்கீட்டை எந்தத் தீர்மானமும் தொடவில்லை. 2022இல் ஆப்கானிஸ்தான் அதே ஆற்றிலிருந்து 285 கிலோமீட்டர் நீளக் கோஷ் தெபா கால்வாயை வெட்டத் தொடங்கியது. பட்டினி கிடக்கும் நாட்டிடம் தண்ணீர் எடுக்காதே என்று சொல்லும் தகுதி அரை நூற்றாண்டாக ஆற்றை உறிஞ்சியவர்களுக்கு இல்லை.

மகாராஷ்டிரத்துக்கு வருவோம். இங்கே பருத்தியின் இடத்தில் கரும்பு. சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 4 சதவீதமே உள்ள கரும்பு, பாசன நீரில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்று வேளாண் விலை நிர்ணய ஆணையமே சுட்டியுள்ளது. இதற்குத் திட்டக்குழுவின் ஆணை எதுவும் தேவைப்படவில்லை. சர்க்கரை ஆலைகளின் அரசியல் போதுமானதாக இருந்தது. 2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் போயிற்று. ஆரல்ஸ்குக்கு மீன் போனது போலவே.

ஆயினும் இம்மாநிலத்தில் கடைமடையின் உரிமை ஒருமுறை சட்டமாகப் பேசியிருக்கிறது. மேல் கோதாவரியில் நாசிக், அகமதுநகர் அணைகள் நிரம்பி, கீழே மராத்வாடாவின் ஜாயக்வாடி வறண்டபோது, 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாநில நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் 2014 செப்டம்பரில் உத்தரவிட்டது: அக்டோபர் நடுவில் ஜாயக்வாடியின் இருப்பு 65 சதவீதத்துக்குக் குறைந்தால் மேலணைகள் நீர் திறக்க வேண்டும். 2016இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒவ்வொரு வறட்சியிலும் சர்க்கரை வட்டாரம் அதை எதிர்த்து நிற்கிறது. எத்தனை குறை இருந்தாலும், முய்னாக் மீனவருக்குக் கிடைக்காத ஒன்று அந்த உத்தரவில் இருக்கிறது: கீழே இருப்பவரின் பங்கு எண்ணாக எழுதப்பட்டு, மேலே இருப்பவரைக் கட்டுப்படுத்துகிறது.

பீமா நதியில் புனே மேலே இருக்கும் ஊர். கடக்வாஸ்லா தொகுப்பிலிருந்து மாநகராட்சி அனுமதித்த அளவைவிட அதிகம் எடுப்பதாகப் பாசனத் துறை ஆண்டுதோறும் முறையிடுகிறது. முளா, முட்டா வழியாக நகரின் கழிவுநீர் உஜனி அணைக்குப் போய், சோலாப்பூருக்குக் குடிநீராகிறது. அதே நகருக்குள் தானோரியிலும் லோகேகாவிலும் குடும்பங்கள் டேங்கருக்குக் காத்திருக்கின்றன. கிழக்குப் புனேவின் குழாய்க்கு வரும் பாமா ஆஸ்கேட் நீருக்காக நிலமிழந்தவர்கள் மறுவாழ்வு கேட்டுப் பல ஆண்டு போராடினார்கள்.

ஆகவே விஷ்ராந்த்வாடிக் கிளைகளின் முன் நிற்கும் வேலை இரண்டு பக்கமும் பார்ப்பது. வார்டு வாரியாகத் தண்ணீர் அளவு வெளியிடப்பட வேண்டும் என்று மாநகராட்சியிடம் கேட்கும்போதே, உஜனிக்குச் சுத்திகரித்த நீர் எவ்வளவு, சுத்திகரிக்காதது எவ்வளவு போகிறது என்ற கணக்கையும் அதே மனுவில் கேட்க வேண்டும். பாமா ஆஸ்கேட் உழவர்களின் கோரிக்கை குழாய் வந்த வீடுகளிலிருந்தும் எழ வேண்டும். சோலாப்பூர்த் தோழர்களுடன் சேர்ந்து தயாரிக்கப்படும் மனுவாக அது இருப்பது நல்லது.