மாருதி 800 எஞ்சின்ல ஜெட் போட் ஓடுமா?

சாரல் சீசன், ஊருக்கு வந்திருக்கேன், தென்காசிக்கு. குற்றாலம் வெண்ணமடை குளத்துல பெடல் போட் மிதிக்கும்போது நண்பன் கேட்டான்: "மாப்ள, பழைய மாருதி 800 எஞ்சின் ஒண்ணு கிடைக்குது. ஜெட் போட் செய்வோமா?"

சிரிக்காதீங்க. நியூசிலாந்துல பில் ஹாமில்டன் 1950-களில் ஃபோர்டு கார் எஞ்சினை வச்சுதான் ஆரம்பிச்சார். அங்க ஆத்துல ஆழம் கம்மி, புரொப்பெல்லர் பாறையில அடிபடும். ஜெட் போட்ல பம்ப் தண்ணியை உறிஞ்சி பின்னாடி பீய்ச்சும். அடியில எதுவும் நீட்டிக்கிட்டு இருக்காது.

மாருதி 796 சிசி, எடை கம்மி, சுமார் 37 குதிரைத்திறன். ஆனா அந்த 37 கிடைக்கிறது 5000 ஆர்பிஎம் பக்கத்துல. கார்ல ஓவர்டேக் பண்ணும்போது சில நொடிதான் அப்படி மிதிப்போம். பம்ப் அப்படி இல்ல. ஆர்பிஎம் பாதியானா அது வாங்குற பவர் எட்டுல ஒரு பங்காயிடும், போட் எழும்பாது. அதனால வேகமா போகணும்னா எஞ்சின் உச்சத்துலயே ஓடணும்.

"உச்ச பவரை விடுடா. தொடர்ந்து எவ்வளவு தாங்கும்?"னு கேட்டேன். ஃபைபர் பாடிக்கு அட்வான்ஸ் கொடுக்க இருந்தவன், நிறுத்திட்டான். முதல்ல எஞ்சினை ஸ்டாண்ட்ல கட்டி, ஒரு மணி நேரம் ஃபுல் லோடுல ஓட்டிப் பார்ப்போம். காசு அப்புறம்.