கல்லின் அடியில் ஒரு குறியீடு



பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் ஓயாமல் எழுந்துவந்த வினா ஒன்று உண்டு: கவிதையில் குறியீடு என்பது அணியா, உயிரா? விடை தேடி உங்களை மெக்சிகோ நகரத்துக் கற்சிலை ஒன்றின் முன் அழைத்துச் செல்கிறேன்.

1790 ஆகஸ்டு 13 அன்று, அந்நகரின் பெருஞ்சதுக்கத்தைத் தோண்டியபோது ஆஸ்டெக் மக்களின் தாய்த்தெய்வம் கோவாட்லிக்கே வெளிப்பட்டாள். உயரம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். ‘பாம்புகளை ஆடையாக உடுத்தவள்’ என்பது பெயரின் பொருள். இடையில் பின்னிப் பிணைந்த பாம்புகள். மார்பில் மனித இதயங்களும் கைகளும் கோத்த மாலை, அதன் கீழே மண்டையோடு. தலை இருக்க வேண்டிய இடத்தில், கழுத்திலிருந்து எழும் இரு பாம்புகள் எதிரெதிர் நோக்கி ஒரே முகமாகின்றன. அறுபட்ட கழுத்தின் குருதியே அப்பாம்புகள் என்பர் அறிஞர்.

அச்சமூட்டும் உருவம் என்று நகர்ந்துவிடல் எளிது. நின்று வாசிப்போம். தளர்ந்த மார்பு அவள் பலரை ஈன்றவள் என்கிறது. கூரிய நகங்கள் இறந்தோரை ஏற்பவளும் அவளே என்கின்றன. ஈனும் நிலமும் உண்ணும் நிலமும் ஒன்றே என்ற பேருண்மையைக் கல் சொல்கிறது.

எனினும் என்னை உலுக்கியது சிலையின் அடிப்பாகம். அங்கே ட்லால்டெகுட்லி என்னும் நிலத்தெய்வம் செதுக்கப்பட்டுள்ளது. சிலையை நிறுத்தியபின் அவ்வுருவை எக்கண்ணும் காணாது. மண் மட்டுமே அறியும். இரும்பு உளி அறியாத சிற்பிகள், எவரும் பார்க்காத அப்பக்கத்திற்கும் அதே உழைப்பை ஈந்தனர்.

பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்ட சிலையைப் பூர்வகுடியினர் வழிபடத் தலைப்பட்டதும், அதை மீண்டும் புதைத்தனர். 1803இல் மெக்சிகோ வந்த ஹம்போல்ட் வேண்டியதால் தோண்டிக் காட்டி, மறுபடியும் புதைத்தனர். இன்று அது தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வெறும் அணியைக் கண்டு அஞ்சி யாரேனும் இருமுறை புதைப்பரோ?

முனைவர் பட்ட ஆய்வில் நான் குறியீடுகளை எண்ணினேன், பட்டியலிட்டேன், பட்டமும் பெற்றேன். பட்டியலில் அகப்படாத அடிப்பக்கம் ஒன்று உண்டென்பதை இச்சிலையே எனக்குக் கற்பித்தது. கவிஞர்களே, கைதட்டலுக்கு எட்டும் பக்கத்தை நீங்கள் நன்றாகவே செதுக்குகிறீர்கள். எவரும் காணாத அந்தப் பக்கத்தையும் செதுக்குங்கள். கவிதை ஊன்றி நிற்பது அதன்மேல்தான்.