கோலின் குணம் வளைவில் தெரியும்

மீன் பிடிப்பது தோட்டப்புற மக்களாகிய நமக்குப் புதிய கலை அன்று. பால்வெட்டு முடிந்த பிற்பகலில் ஆற்றோரம் சென்று, மூங்கில் கழியில் நரம்பைக் கட்டி, மண்புழுவைக் கோத்து, இரவுக் குழம்புக்கு நாலு மீன் கொண்டுவந்த தலைமுறைகள் நம்முடையவை. இன்று பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் ஆறுகள் ஓடுகின்றன. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த குட்டைகளும் இருக்கின்றன. ஈப்போவுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் விடுமுறை நாளில் அந்தக் கரைகளுக்கே திரும்பி வருகிறார்கள். ஆனால் கையில் இருப்பது மூங்கில் கழி அன்று. கடையில் வாங்கிய கோல்.

அவ்வகைக் கோல்களுள் 'ஃபிளை' எனப்படும் பூச்சித் தூண்டில் கோலும் ஒன்று. ஒரே நீளம், ஒரே எண் கொண்ட இரு கோல்கள் கடையில் அருகருகே நிற்கும். ஒன்றின் விலை மற்றதைப்போல் மூன்று மடங்காக இருக்கும். எதை வாங்குவது? மிகைநேர வேலை செய்து சேர்த்த பணத்தைப் பெயரை மட்டும் நம்பிக் கொடுத்துவிடலாமா? நாமே சோதித்துப் பார்க்க வழி உண்டா? உண்டு. அதையே இன்று கவனிப்போம்.

முதலில் இந்தக் கோலின் வேலை என்ன என்று பார்ப்போம். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ கனமான போலி மீனோ முன்னால் பறந்து நரம்பை இழுத்துச் செல்கிறது. பூச்சித் தூண்டிலில் இறகாலும் நூலாலும் கட்டிய செயற்கைப் பூச்சிக்கு எடையே இல்லை எனலாம். அதை வீச முடியாது. ஆகவே தடித்த, கனமான கயிற்றை வீசுகிறோம். பூச்சி அதன் பின்னால் போகிறது. கயிற்றின் எடை கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது கயிற்றை முன்னே செலுத்துகிறது. வில்லும் அம்பும் போன்றதுதான். வில்லுக்கு ஏற்ற அம்பு வேண்டுவதுபோல் கோலுக்கு ஏற்ற கயிறு வேண்டும்.

இதற்காகவே கயிறுகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்து எண் இடுவது முறை. 5ஆம் எண் கயிற்றில் அந்தப் பகுதி சுமார் 9 கிராம். 8ஆம் எண் கயிற்றில் சுமார் 13.6 கிராம். கயிற்றின் எண் இவ்வாறு தராசில் நிறுத்து வந்தது. ஆனால் கோலின்மேல் அச்சிட்ட எண் அப்படி வந்ததன்று. இந்தக் கோலுக்கு இந்தக் கயிறு பொருந்தும் என்று செய்தவர் கொண்ட கருத்தே அது. எனவே ஒருவர் 5 என்று விற்கும் கோல் மற்றொருவரின் 6ஆம் எண் கோலைவிட விறைப்பாகவும் இருக்கக்கூடும்.

கோலின் பொருளும் காலந்தோறும் மாறியிருக்கிறது. மேல்நாட்டார் போற்றிய பழைய கோல்கள் மூங்கிலால் ஆனவையே. தென்சீனாவின் மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணக் கீற்றுகளாகச் சீவி, ஒட்டிச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழைக் கோல்கள் பரவின. 1970களில் கார்பன் இழைக் கோல்கள் வந்தன. கார்பன் இலேசானது, விரைந்து நிமிர்வது. கண்ணாடி இழை சற்றுக் கனம், மெதுவாக நிமிர்வது. ஆனால் முரட்டுக் கைக்குத் தாங்கும். எனவே கார்பன் என்றதும் உயர்வு, கண்ணாடி இழை என்றதும் மட்டம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். வில்லியம் ஹேனமன் என்ற அமெரிக்கர் 2003ஆம் ஆண்டில் ஓர் எளிய முறையை வெளியிட்டார். அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களையே எடைக்கற்களாகக் கொண்ட முறை அது. நம் வீட்டுக்கு ஏற்ப அதை இப்படிச் செய்யலாம். வேண்டியவை ஓர் அளவுநாடா, மெல்லிய பிளாஸ்டிக் பை, கொஞ்சம் 20 காசு நாணயங்கள் ஆகியவை மட்டுமே.

கோலின் கைப்பிடியை அசையாமல் பிடித்துக் கட்டி, கோல் தரைக்கு மட்டமாக நீட்டி நிற்கும்படி வையுங்கள். நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சுவரில் குறியிடுங்கள். பிறகு நுனியில் பையைத் தொங்கவிட்டு, காசுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி இறங்கியதும் நிறுத்துங்கள். 9 அடிக் கோல் என்றால் 3 அடி, அதாவது சுமார் 91 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். சாப்பாட்டு மேசை உயரம் இதற்குப் போதாது. நெஞ்சளவு உயரமுள்ள அலமாரி வேண்டும். காசுகளை எண்ணி, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2012இல் வெளிவந்த புதிய 20 காசு 4.18 கிராம், அதற்கு முந்திய வரிசைக் காசு 5.65 கிராம். இரண்டையும் கலந்தால் கணக்கு பிழைபடும். ஒரே வரிசைக் காசுகளையே பயன்படுத்துங்கள்.

ஒரே நீளமுள்ள இரு கோல்களில் ஒன்று 22 காசிலும் மற்றது 30 காசிலும் அந்த அளவுக்கு வளைந்தன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 5 என்று எழுதியிருந்தாலும் இரண்டாவது கோல் கனமான கயிற்றைக் கேட்கும் என்று அறியலாம். வளைந்த உருவத்தையும் பாருங்கள். நுனிப்பகுதி மட்டும் செங்குத்தாகக் கவிழ்ந்தால் அது விரைவுக் கோல். தூரம் போகும், ஆனால் பழகாத கைக்குக் கடினம். கைப்பிடிவரை சீராக வளைந்தால் அது மெதுவான கோல். புதிதாகப் பழகுவோருக்கும் சிறு ஓடைக்கும் நல்லது.

அளந்த பிறகு வீசிப் பார்க்க வேண்டும். பள்ளித் திடல் போதும். கொக்கி வேண்டாம்; நுனியில் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். கோல்களின் பெயரைக் காகிதத்தால் ஒட்டி மறைத்துவிடுங்கள். பெயர் தெரிந்தால் கண் ஏமாற்றும். ஒரே கயிறு, ஒரே ஆள், ஒவ்வொரு கோலிலும் பத்து வீச்சு. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு பழைய வாளியை வைத்து, எத்தனை முறை அதன் அருகே விழுகிறது என்று எண்ணுங்கள். எட்ட வீசுவதைவிட இது முக்கியம். மீன் பெரும்பாலும் கரையோர நிழலிலும் மூழ்கிய மரத்தருகிலும்தான் இருக்கிறது.

கடையிலேயே பார்க்க வேண்டியவையும் உண்டு. ஒரு கண்ணை மூடிக் கோல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சுத் துணுக்கை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேயுங்கள். பஞ்சு சிக்கினால் அந்த வளையம் கயிற்றை அறுக்கும். மூட்டுகளைப் பொருத்தி மெல்ல ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. ஒருமுறை உலுக்கி நிறுத்தினால் நுனி விரைவில் அடங்க வேண்டும்.

எந்தக் கோல் எந்த மீனுக்கு என்பதும் தேர்வில் ஒரு பகுதி. குட்டைத் திலாப்பியாவுக்கு 5ஆம் எண் போதும். தெமெங்கோர் ஏரியின் செபராவுக்கும், குட்டைகளில் பெருகிவிட்ட தென் அமெரிக்க ராஜா மீனுக்கும் 8ஆம் எண் ஏற்றது. முரடனாகிய தோமானுக்கு 8க்குக் குறையாமல் வேண்டும்.

இறுதியாக, உயிரைப் பற்றிய இரண்டு செய்திகள். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். 9 அடிக் கோலைத் தலைக்குமேல் வீசும்போது மின்கம்பியைத் தொட்டால் உயிர் போகும். மின்கம்பிக்கு அடியில் கோலை நிமிர்த்தியே நடக்காதீர்கள். இடி இடித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டு உடனே விலகிப் போய்விடுங்கள். மற்றொன்று, ஈயக்குட்டைகள் குளம் போன்றவை அல்ல. கரையிலிருந்து ஓரடி வைத்ததும் ஆழம் இறங்கும்; ஓரத்து மணல் சரியும். சிறுவர்களைத் தனியே அனுப்பாதீர்கள்.

மூங்கில் கழியை வெட்டுமுன் நம் பெரியவர்கள் அதைக் கையால் வளைத்து, நிமிர்வதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் அதில் பெயர் எழுதித் தரவில்லை. கடைக் கோலுக்கும் அதே சோதனைதான். கூடுதலாக ஒரு பை காசும் ஓர் அளவுநாடாவும் எடுத்துக்கொள்கிறோம். கோலுக்குக் கொடுக்கும் பணத்தைத் தருமுன், அதைச் சோதிக்க இருபது காசுகளை எண்ணிப் பார்ப்போம்.