நெம்புகோல் பாடமும் ஃபோர்க்லிஃப்ட்டும்

நம் மாணவர் சிலர் நாளை தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார்கள். திறந்த முற்றத்துக்கு டீசல் வண்டி, புகை கூடாத கிடங்குக்குள் பேட்டரி வண்டி, குறுகிய வழியில் உயர அடுக்குகளுக்கு ரீச் டிரக் என அதில் பல வகை.

பரவலாகக் காணும் வகை, சக்கரத்தில் ஓடும் நெம்புகோல்தான். முன்சக்கரம் ஆதாரப்புள்ளி, முன்னே பளு, பின்னே எதிர் எடை. ஃபோர்க் தொடங்கும் இடத்திலிருந்து பளுவின் மையம் 500 மி.மீ. தூரத்தில் இருந்தால் 2000 கிலோ என்பதுபோல், தகட்டில் எடையோடு தூரமும் எழுதியிருக்கும். அதே எடை இன்னும் தள்ளி இருந்தால் திருப்புத்திறன் கூடும். வண்டி கவிழ்ந்து உயிரே போகலாம்.

வகுப்பில் பென்சில்மேல் அடிக்கோலை வைத்து, நாணயங்களை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இது புரிந்த மாணவர் தகட்டைப் படித்த பிறகே பளுவைத் தூக்குவார்.