இமயம் எழுந்ததை யார் பார்த்தது?

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இந்தியத் தட்டும் யூரேசியத் தட்டும் மோதி இமயமலை எழுந்தது என்று நடத்துகிறோம். பிள்ளைகளும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். "அதை யார் சார் பார்த்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டால்? நியாயமான கேள்விதான். விடை மணலில் இருக்கிறது.

அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குமே, அதேபோல் சங்கராபரணி மணலைத் தட்டில் நீர்விட்டு அரித்துப் பாருங்கள். வெளிர்நிறக் குவார்ட்ஸ் விலகி, கனமான கருந்துகள்கள் அடியில் நிற்கும். காந்தத்தைக் காட்டினால் மேக்னடைட் ஒட்டிக்கொள்ளும். செஞ்சிக் குன்றுகளிலும் வழியிலும் உள்ள பாறைகள் தேய்ந்து வந்தவை இவை. பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் கொண்டுவரும் வண்டலோ தென்பெண்ணையுடையது. அந்த ஆறு பிறப்பது கர்நாடகத்து நந்தி மலையில். மணல் தன் ஊரை மறப்பதில்லை.

இமயத்துக்கும் இதே முறைதான். மலை எழ எழ, மழையும் ஆறும் அதை மேலிருந்து தேய்க்கின்றன. ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை பிறகுதான் வெளியே தலைகாட்டும். அடிவாரப் படிவுகளில் இதன் வரிசை பதிந்திருக்கிறது. சிவாலிக் குன்றுகளில் பொதுவாகக் கீழ் அடுக்கில் ஸ்டாரோலைட், அதற்கு மேல் கயனைட், இன்னும் மேலே சில்லிமனைட். கயனைட் முதலில் தோன்றும் அடுக்கின் வயதைக் கண்டால், அந்தக் காலத்துக்குள் கயனைட் பாறை வெளிப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

மீதி மணல் கங்கை, பிரம்மபுத்திரா வழியே வங்காள விரிகுடாவுக்கு வந்தது. நாம் வீராம்பட்டினத்தில் நின்று பார்க்கும் அதே கடல். அடியில் சுமார் 3000 கிலோமீட்டர் நீளப் படிவு! 2015-இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல், இலங்கைக்குக் கிழக்கே 8 டிகிரி வட அட்சக்கோட்டில், ஏழு இடங்களில் அதைத் துளையிட்டது.

ஒன்றில் கவனம் வேண்டும். பழைய அடுக்குகளில் சில கனிமங்கள் நிலத்தடி நீரில் கரைந்துபோயிருக்கும். ஒரு கனிமம் இல்லை என்பதே சான்றாகாது. எளிதில் அழியாத சிர்கான் இங்கே கைகொடுக்கிறது. அதிலுள்ள யுரேனியம் பிளவுறும்போது விழும் தடங்கள், படிகம் சுமார் 240 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் குளிர்ந்த பின்னரே நிலைக்கும். தடங்களை எண்ணினால் குளிர்ந்த காலம் தெரியும். குளிர்ந்ததற்கும் மணலாகப் படிந்ததற்கும் இடைவெளி குறைவென்றால், அந்தப் பாறை வேகமாக மேலே வந்திருக்கிறது.

தொடக்க வகுப்புக்குத் தட்டும் காந்தமும் போதும். உயர்நிலை வகுப்பில் மூன்று நிற மணலை அடுக்கிக் குன்று செய்து, உச்சியிலிருந்து சுரண்டிச் சுரண்டிக் கண்ணாடி டம்ளரில் போடச் சொல்லுங்கள். டம்ளரில் வரிசை தலைகீழாவதைப் பிள்ளைகளே கண்டு சொல்லட்டும். நாம் முந்திக்கொள்ள வேண்டாம்.